சாரி சொல்ல வைத்த வகுப்பு

கிழக்கேகோட்டை
திருவனந்தபுரம்
3 ஜூன் 2024

மதிப்புக்குரிய சுந்தரராமன் சாருக்கு,

இசக்கிப்பாண்டி எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். உங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும் கட்டடத்தை நான் வாங்கிவிட்டேன். கீழே என் ஜவுளிக்கடை வருகிறது. இந்த மாதத்தோடு மாடியைக் காலி செய்யுங்கள்.

என்னை ஞாபகமிருக்கிறதா? கீழே ஓட்டலில் மேசை துடைத்துவிட்டு சாயங்காலம் உங்களிடம் படிக்க வந்தவன். அநியாயத்தை இங்கிலீஷில் எப்படித் தட்டிக்கேட்பது என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தீர்கள். "தட்ஸ் நாட் ஃபேர்." "யூ கான்ட் ட்ரீட் மீ லைக் திஸ்." மறுநாள் ஓட்டல் முதலாளி என்னை அறைந்தார். நான் அதையே சொன்னேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு நேரே உங்கள் வகுப்புக்கு மாடியேறி வந்தார். கட்டடம் அவருடையதாயிற்றே! "இதெல்லாம் இன்டர்வியூவுக்குப் படிக்கறதுடா. சோறு போடறவர்கிட்டயா காட்டுவா? சாரி சொல்லு" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. சொன்னேன்.

இப்போது கட்டடம் என்னுடையது.

இசக்கிப்பாண்டி

கரமனை
7 ஜூன் 2024

அன்புள்ள இசக்கிப்பாண்டி அவர்களுக்கு,

அநேக ஆசீர்வாதம். எல்லாம் ஞாபகமிருக்கிறது. அந்த வகுப்பை விட்டால் எனக்கும் என் மனைவி விஜயலக்ஷ்மிக்கும் வேறு பிழைப்பில்லை. தாங்கள் மனம் வைக்க வேண்டும்.

சுந்தரராமன்

கிழக்கேகோட்டை
10 ஜூன் 2024

சார்,

ஒரு "தட்ஸ் நாட் ஃபேர்" கூடக் காணோமே! நீங்கள் கெஞ்சுவதைப் படிக்க நன்றாக இருந்தது. இரண்டு தடவை படித்தேன். சரி, இருந்துகொள்ளுங்கள். வாடகை வேண்டாம். தினமும் காலையில் கடை திறக்குமுன் என் விற்பனைப் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள். நான் வந்தால் மட்டும் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும்.

இசக்கிப்பாண்டி

கிழக்கேகோட்டை
2 ஆகஸ்ட் 2024

சார்,

நல்ல வேலை பார்த்தீர்கள். இன்று சுஜா மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் வந்தாள். "நின்னு நின்னு கால் நீரு வச்சு வீங்கியிருக்கு சாரே. இருக்க ஸ்டூல் வேணும். கடையில இருக்க இடம் தரணும்னு சட்டமே உண்டல்லோ" என்றாள். "உட்கார்ந்துகொண்டு சேலை விற்பாயா? போடீ" என்றேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "தட்ஸ் நாட் ஃபேர், சார்" என்கிறாள்!

யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? நாளைக் காலை வகுப்பில் வைத்து அவளைச் சாரி சொல்ல வையுங்கள். நான் மாடியேறி வருவேன். முடியாதென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இசக்கிப்பாண்டி

கிழக்கேகோட்டை
3 ஆகஸ்ட் 2024, காலை

இசக்கிப்பாண்டி,

சாவியைக் கல்லாவில் வைத்திருக்கிறேன்.

உனக்கு வேண்டியது ஒரு சாரிதானே? அன்றைக்கு நான் செய்ததற்கு நானே சொல்கிறேன்: ஐ ஆம் சாரி. சுஜா சொல்ல மாட்டாள். சொல்லாதே என்று நான்தான் சொன்னேன்.

வகுப்பு பெஞ்சுகள் என் சொந்தக் காசில் வாங்கியவை. பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களே தூக்கிக் கடைக்குள் இறக்கிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உன்னைப் பார்த்து எழுந்திருக்க மாட்டார்கள்.

சுந்தரராமன்