நாய் சாப்பிட்டதா என்றுதான் கேட்டேன்

மீன் தலையோடு அவித்த சோற்றின் மணம் குசினி முழுக்க நிற்கிறது. ஜிம்மி ஒருதரம் நக்கிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. உன் கையால் தின்று பழகிய நாய்க்கு என் சமையல் இறங்கவில்லை. பழுகாமத்தில் இந்த வீட்டை ஆறு வருஷமாகத் திறந்தது, கூட்டியது, பூட்டியது எல்லாம் நீ. வீட்டுக்காரி என்ற பெயர் மட்டும் எனக்கு.

என் தொழிலைக் கேட்டு நீ எவ்வளவு சிரித்தாய். உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள், வயதுபோன காலத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வெள்ளைக்காரர் வீட்டுக்குக் காவல். அவர்கள் விடுமுறைக்குப் போனால் நான் அங்கே தங்கி நாயையும் பூனையையும் கோழிகளையும் பார்க்க வேண்டும்.

"உன்ட நாய நான் பாக்கன், நீ அவங்கட நாயப் பாக்காய். எல்லாரும் அவங்கவங்கட வீட்டில இருந்தா என்னகா?" என்று கேட்டாய்.

நான் சிரித்து மழுப்பினேன்.

கடைசியாக நான் நின்ற வீட்டில் ஒரு கிழட்டு நாய். அதன் சொந்தக்காரி நாலு பக்கத்துக்கு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். எத்தனை மணிக்கு மாத்திரை, எந்தக் காலில் நோவு, தும்மினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் இருந்தது. பின்னேரத்தில் அதன் படம் ஒன்றும் அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஜிம்மியின் படம் தினமும் வேண்டுமென்று உன்னை அரித்தெடுத்தேன். நீயும் அலுக்காமல் அனுப்பினாய். நாய் தெரியும், வாசல் கேற் தெரியும், சில நாள் உன் கை தெரியும். அந்தக் கை மெலிந்துகொண்டு போனதை நான் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தேன்.

ஒருநாள் படம் வரவில்லை. அடுத்த நாள் போனில் உன் மேல் பாய்ந்தேன். போனில் சார்ஜ் இல்லை என்று சொன்னாய். முதல் நாள் முழுக்க நீ ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்ததை நீ கண்ணை மூடிய பிறகு, இப்போதுதான் உன் மகள் சொல்கிறாள்.

பிறகு ஒருநாள், நான் எப்போது வருகிறேன் என்று கேட்டாய். நீ அப்படிக் கேட்பவள் இல்லை. "நீ வந்தா நான் கொழும்புக்கு ஒருக்காப் போகணும். ஒரு அலுவல்" என்றாய். என்ன அலுவல் என்று நான் கேட்கவில்லை. பயணம் போகிறவரிடம் எங்கே, எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம் அல்லவா. சின்ன வயதில் ஒருமுறை, சோதனை எழுதப் புறப்பட்ட உன்னிடம் எங்கே போகிறாய் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். நீ என்னை முறைத்துவிட்டுத் திரும்பி வந்து இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட்டாய். அதிலிருந்து உன்னிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கும் அதைத்தான் எனக்கு நானே சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். பொய். கேட்டால் நீ சொல்லிவிடுவாய், சொன்னால் நான் வர வேண்டிவரும். உள்ளுக்குள் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஜிம்மி சாப்பிட்டதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அந்தக் கிழமையே சொந்தக்காரி எழுதினாள். இன்னும் இரண்டு கிழமை தன் மகளோடு நிற்க ஆசையாம், எனக்கு வசதிப்படாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாளாம். நான் உடனே சம்மதித்துவிட்டு உனக்குப் போன் எடுத்தேன்.

"சரிகா, அத மறுகா பாப்பம். நாய விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாய்.

இந்த 'மறுகா', இந்தப் 'பிறகு', எவ்வளவு காலம் என்று எனக்கு அப்போது தெரியாது. கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டி எடுக்கத் தந்த நாளை நீ விட்டுவிட்டாய். இன்னொரு நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் வருத்தம் ஈரலுக்குப் போய்விட்டது. நான் வந்து இறங்கியபோது நீ சாவியைத் தந்துவிட்டு, நாய்க்குப் புழு மருந்து கொடுக்க வேண்டிய நாளைச் சொன்னாய். உன் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அன்ரிக்குச் சொல்லாத, அவ ஓடி வந்திருவா" என்று மகளின் வாயையும் அடைத்து வைத்திருந்தாயாம். நான் ஓடி வருவேன் என்று நீ நம்பினாய்.

உன் மகள் நல்ல பிள்ளை. இரண்டு கிழமையால் ஒன்றும் ஆகியிராது, முன்னமே பரவியிருக்கும் என்கிறாள். நானும் தலையாட்டுகிறேன். அவளிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. அந்த இரண்டு கிழமையும் அங்கே நல்ல வெயில். காலையில் கிழட்டு நாயோடு புல்வெளியில் நடப்பேன், விழுந்த அப்பிள்களைப் பொறுக்குவேன், பின்னேரம் மரத்தடியில் தேத்தண்ணியோடு இருப்பேன். அங்கே இருந்த இருபது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.