அம்மாவைத் திட்ட வைக்க வேண்டும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியை எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அதை எழுதப் பேனா வரவில்லை. கடையில், சோபாத் துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உன் அம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிடும். போனிலும் சொல்ல வழியில்லை. நான் உன்னோடு பேசும்போதெல்லாம், வாய் தவறி எதையாவது உளறிவிடுவேனோ என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். அம்மாவுக்கு என் மேல் இவ்வளவு கோபம் என்றால் இனி நானாகக் கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அவளும் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதுவே நல்லது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உன் மேல் தப்பில்லை. எப்போது கூப்பிட்டாலும் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று பொய்களை அடுக்கியது நான்தான். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள். அவளுடைய பணி ஓய்வு விழாவுக்கு நீ வராததை அவள் இன்னும் மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறாய். இல்லை கண்ணு. அந்தக் கோபம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அதற்குள் உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அவளுக்குப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. நாக்கையும் தொண்டையையும் அசைக்கிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற வியாதி. ஆரம்பத்தில் சொற்கள் குழறியபோது புதுப் பல் செட்டில்தான் கோளாறு என்று நினைத்தோம். பல் டாக்டரிடம் போய் ஒரு மூச்சு சண்டைகூடப் போட்டுவிட்டு வந்தாள். பாவம் அந்த மனிதர். பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், திரும்பக் கொண்டுவர முடியாது என்றார்கள். மழைக்காலத்துக்குள் பேச்சு முழுதாக நின்றுவிடுமாம். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன். டாக்டர் சொன்னார். அதை நீ நேரில் வரும்போது சொல்கிறேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். "என் குரல் அவ காதுல இப்படி விழ வேணாங்க" என்றாள். உன்னிடம் பேசாமல் இருப்பதற்கு இது ஒன்றுதான் காரணம். கோபம் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை, பரிதாபப்படக் கூடாது என்பது அவள் கணக்கு. அந்த வாக்கை இப்போது மீறுகிறேன். தெரிந்தால் என்னைத் திட்டுவாள். திட்டினால் எனக்குச் சந்தோஷம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒரு யோசனை சொன்னாள். குரலை இப்போதே பதிவு செய்து கொடுத்தால், பின்னால் அம்மா போனில் தட்டச்சு செய்வதையெல்லாம் அது அவள் குரலிலேயே பேசுமாம். ஆனால் பதிவில் ஃபேன் சத்தம்கூட விழக் கூடாதாம். பாட்டுப் பதிவு செய்கிற ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையான ஆள்தான். சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள். மைதானம் முழுக்க ஓடுகிற பிள்ளைகளை ஒரே அதட்டலில் நிறுத்திய விளையாட்டு டீச்சர் அல்லவா. தலைகீழாக நின்று பார்த்தேன், திரும்ப உள்ளே வரவில்லை.

அதனால் வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ கட்டுவது என்று இறங்கினேன். உன் அறையைத்தான் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். ஆயுசெல்லாம் சோபா தைத்தவனுக்குப் பஞ்சும் துணியும் பெரிய விஷயமா என்று திமிராகத்தான் தொடங்கினேன். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினேன். எதிரொலி போனது. தெருச் சத்தம் போகவில்லை. எதிரொலிக்குத்தான் பஞ்சு, வெளியே இருந்து வருகிற சத்தத்தை நிறுத்தக் கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும் என்று அப்புறம்தான் புத்தி வந்தது. ஜன்னலுக்கு இரட்டைப் பலகை அடித்து, நடுவில் பழைய மெத்தைப் பஞ்சைத் திணித்தேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்தேன். மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் இருக்க, பூவேலை வளையத்தில் உன்னுடைய பழைய காலுறை ஒன்றை இழுத்துக் கட்டினேன். இப்போது உள்ளே போனால் ஒரு பெரிய சோபாவுக்குள் புகுந்துகொண்டதுபோல இருக்கிறது. ஃபேனும் கிடையாது, வேர்த்துக் கொட்டுகிறது.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க நினைத்தேன். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, அவளை வெளியே நின்று முடிந்த மட்டும் கத்தச் சொன்னேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. கதவைத் திறந்து, ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே கை தட்டினாள்.

மறுநாள் உள்ளே வயர் இழுத்துக்கொண்டிருந்தேன், கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வண்டியை நகர்த்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டது சொல் சொல்லாகக் கேட்டது. என்ன இது, நேற்று கேட்கவில்லையே என்று சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. முந்தின நாளும் அந்த ஓட்டை அங்கேதான் இருந்தது. அவள் குரல்தான் கதவுவரைகூட வரவில்லை. தெருமுனையில் விளையாடுகிற உன்னை அடுப்படியில் நின்றபடியே கூப்பிட்ட குரல், மகளே. தன் சத்தம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாதா. தெரிந்தே எனக்காகக் கை தட்டியிருக்கிறாள். உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் வந்து தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

ஓட்டையை அடைத்துவிட்டேன். பதிவையும் தொடங்கினோம். தினமும் காலையில் உள்ளே உட்கார்ந்து, அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை வாசிக்கிறாள். எனக்குத் தண்ணீர் வேண்டும். தயவுசெய்து விளக்கை அணைக்கவும். இந்த வீட்டில் வாழ வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் தயவுசெய்து என்று ஒரு தடவையாவது சொன்னதுண்டா? குழறிவிடுமோ என்று ஒவ்வொரு சொல்லையும் பத்திரமாக இறக்கி வைக்கிறாள். திரும்பப் போட்டுக் கேட்டால், வங்கியில் டோக்கன் எண் வாசிக்கிற பெண் மாதிரி இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு யாரோ ஒரு மரியாதையான பெண்ணின் குரலைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

என்னைத் திட்டு என்று சொல்லிப் பார்த்தேன். எதற்குத் திட்ட வேண்டும் என்று கேட்கிறாள். வேண்டுமென்றே ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டேன். பேசாமல் எடுத்துக் காயப்போட்டுவிட்டுப் போகிறாள். நான் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்கிறாள். எனக்கு அது எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அவள் தன்னை மறந்து பேசுகிற ஒரே ஆள் நீதான். நீங்கள் இரண்டு பேரும் போனில் சண்டை போடும்போது நான் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன், ஞாபகம் இருக்கிறதா. எனக்கு அந்தச் சண்டை வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பதிவுக்கு உட்காரும் நேரம், பத்து மணிக்குக் கூப்பிடு. அவள் ஹெட்போன் மாட்டியிருப்பாள். அவளிடம் சொல்லாமலே போனை அதில் இணைத்துவிடுவேன். ஓட முடியாதபடி கதவை வெளியே நின்று பிடித்துக்கொள்வேன். பிறகு என் கதி என்ன ஆனாலும் ஆகட்டும். நீ அவளுடைய உடம்பைப் பற்றி மட்டும் கேட்காதே. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன் என்று சொல். காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்று சொல். அதற்கும் மசியவில்லை என்றால், விளையாட்டெல்லாம் ஒரு பாடமா என்று கேள். அது போதும்.

பழைய குரல் வராது, தயாராக இரு. சொற்கள் வழுக்கும், நடுவில் மூச்சு வாங்கும். சிலது உனக்குப் புரியாது. புரியாவிட்டாலும், என்ன சொன்னாய் என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதே. புரிந்ததுபோலவே பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிரு. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்குத் தெரியாததா?

அழுதுவிடாதே என்று எழுத வந்தேன். நீ அழுதால் அவள் திட்டுவதை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள், என் திட்டமெல்லாம் பாழ் என்று. இப்போது யோசித்தால், அழுகை வந்தால் அடக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அவள் உன்னைத் தேற்றட்டும். அதையும் பதிவு செய்து வைக்கிறேன். என்னைவிட உனக்குத்தான் அது அதிக நாள் வேண்டியிருக்கும்.

நூறு வயது நன்றாக இரு, தங்கம்.

உன் அப்பா