சிவப்புப் புள்ளி வைத்த எறும்புகள்

டீச்சர், மகள் வாசற்படியில் உட்கார்ந்து நகப்பூச்சு பூசுகிறாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் எறும்புப் பெட்டிகள்தான் கண்முன் வந்தன. போன மாதம் அவற்றை எடுத்துப்போக வந்த உங்கள் தம்பிதான், நீங்கள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கேலி பேசக்கூடத் தெம்பில்லை.

கோயமுத்தூர் காலேஜிலிருந்து மஞ்சூருக்கு வந்து, எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காலியாகக் கிடந்த வீட்டில் ஆராய்ச்சிக்கு எறும்பு வளர்த்தீர்கள். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி பாதி நாள் மூடிக்கிடந்த சமயம். கொழுந்து எடுக்க ஆள் வேண்டாம் என்றார்கள். உங்கள் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வந்தேன். எறும்பின் முதுகில் மருந்து ஒரு சொட்டு, அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைப்பீர்கள்.

"ஏனுங்க டீச்சர், எறும்புக்கு நலங்கா வைக்கறீங்க? மாப்பிள்ளை எந்த ஊருங்க?"

"நீங்கதான் பொண்ணுத் தோழி. பேசாம லைட்டைப் புடிங்கக்கா."

பிறகு விளக்கினீர்கள். "உடம்புக்குள்ள ஒரு சுரப்பு இருக்குக்கா. அது கம்மியா இருக்கறப்ப எறும்பு கூட்டுக்குள்ள குஞ்சு பார்க்கும். வயசாக ஆகக் கூடும், இரை தேட வெளிய கிளம்பிரும். அதே மாதிரி மருந்துதான் இது. இளசும் கிளம்புதான்னு பார்க்கறேன்."

கூட்டுக்கு வெளியே இரை வைத்த தட்டுக்கு வந்த சிவப்புப் புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த வாரம்தான் என் மகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று நின்றாள். பதினெட்டு வயது. அவள் கட்டிய பையை மூன்று தடவை பிரித்து, துணியை மறுபடி கொடியில் போட்டேன்.

ஐந்தாம் நாள் நோட்டைப் புரட்டினீர்கள். "என்னக்கா, நாலு நாளா முட்டையாப் போட்டிருக்கீங்க. மருந்து கெட்டுப்போச்சா?"

"மருந்து நல்லாத்தான் இருக்குங்க. வெளிய வந்ததையெல்லாம் நான்தான் தேயிலைக் காம்புல ஏத்தி உள்ள விட்டேன். குஞ்சு பார்க்கற வயசுங்க, வெளிய போய்ச் சாகறதுக்கா?"

திட்டுவீர்கள் என்று நின்றேன். மாதக்கணக்கில் நீங்கள் பட்ட பாடு அது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு நோட்டை என் பக்கம் தள்ளினீர்கள்.

"உள்ள விட்டீங்களே, தங்குச்சா?"

"எங்கீங்க தங்குது. கால் நொண்டி ஒண்ணு, அதையே ஆறு தடவை தூக்கினேன்."

"அதை எழுதுங்கக்கா."

கோணல் எழுத்தில் எழுதினேன். வீட்டுக்குப் போய், கொடியில் கிடந்த துணியை மடித்து அவள் பையில் வைத்தேன்.

ஒரு வருஷம் ஆச்சு. ஃபேக்டரி இன்னும் பாதி நாள்தான். ரெண்டு நாள் லீவில் வந்திருக்கும் மகளுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் என் கட்டைவிரலைப் பிடித்துச் சிவப்பைத் தடவிவிட்டாள்.

"எனக்குமா? அப்ப நானும் கிளம்பணுமாடி?"

"நீ வந்தா எங்க சூப்பர்வைசர் ஓடிப்போயிருவாரு. பேசாம இரும்மா."

விடிந்ததும் அவளுக்கு முதல் பஸ். பையை நானே கட்டி வைத்துவிட்டேன். வாசற்படியில் ஒற்றை எறும்பு ஒன்று வெளியே போகிறது, டீச்சர். தூக்கிவிடக் கை போனது. பிறகு, அது போக வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டேன்.