பேசாதவர்களுக்கென்று ஒரு ஊர்

12 மே 1962, சனி

காலையில் வெயில், நாலு மணிக்கு மழை. கண்டியிலிருந்து ரயிலில் திரும்பும்போது எங்கள் ஊர் உக்குவளையில் இறங்காமல் மாத்தளை வரைக்கும் போய்விட்டேன். காரணம் வாய். எதிர்ச் சீட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளை, ஏன் இல்லை, புருஷனுக்கு என்ன சம்பளம், எல்லாம் விசாரித்தேன். அம்மாள் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டாள். விடவில்லை. பேப்பருக்குச் சொன்னேன், எங்கள் மாரியம்மன் தேரைப் பற்றி. உக்குவளை வந்ததும் பக்கத்திலிருந்த என் மூத்த மகள் சரோஜா முழங்கையால் இடித்தாளாம். எனக்கு எங்கே தெரிந்தது.

இறங்கும்போது துரைசானி என் பக்கம் திரும்பவில்லை. வழிநெடுக வாய் திறக்காத சரோஜாவின் கையைப் பிடித்து, உன்னோடு வந்தது சந்தோஷம் என்றாள். என்ன சந்தோஷத்தைக் கண்டாள்? திரும்பி வந்த பஸ்ஸில் முழுக்க இதே யோசனை.

13, ஞாயிறு

தேங்காய் எண்ணெய் டின் ஒழுகுகிறது. ஈயம் வைக்கவேண்டும்.

சரோஜாவுக்கு இங்கிலாந்தில் நர்ஸ் படிப்புக்கு இடம். வருகிறாளா இல்லையா, வியாழனுக்குள் தபாலில் போட வேண்டும். முடிவு நான்தான் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரி வேண்டாம் என்று ஒரே பிடி.

"ரெண்டு எடத்துலேருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. ஊமையான்னு கேட்டுட்டுப் போனாங்க. இங்கேயே பொழைக்கத் தெரியாதவ அங்க போயி என்னங்க செய்வா?"

நியாயம்தான். ஆனால் அங்கே எல்லாருமே அந்தத் துரைசானி மாதிரி என்றால்?

14, திங்கள்

பரீட்சை. கடையில் இன்று முழுக்க இங்கிலீஷ்காரனாக இருப்பது. கேட்டதை நிறுப்பது, காசை வாங்குவது, வாயை மூடுவது.

பத்து மணிக்குள் வீட்டில் சாவா என்று இரண்டு பேர் கேட்டாயிற்று. பக்கத்துக் கடை பண்டா முதலாளி கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து வைத்தார். "காய்ச்சலா, இல்ல நம்ம மேல கோவமா முதலாளி?" தலையை மட்டும் ஆட்டினேன். குடித்தும் ஆயிற்று. மத்தியானத்துக்கு மேல் முடியவில்லை. கருவாடு வாங்க வந்தவரைப் பிடித்து உட்காரவைத்து, வெயில் சாயும்வரை பேசினேன்.

முடிவு: நான் அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டேன். இவள் தாங்கலாம்.

இதையெல்லாம் சரோஜாவிடம் சொன்னேன். வழக்கம்போல நடுநடுவே ஒரே சொல், "அப்புறம்?"

15, செவ்வாய்

சீனி தீர்ந்தது.

புதுச் சந்தேகம். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. ஜீப் டயர் போய் கடை வாசலில் நின்றார். டிரைவர் டயர் மாற்றி முடிக்கும்வரை பேச்சு. மாற்றிய பிறகும் பேச்சு. தன் மூலவியாதி வரைக்கும் சொல்லிவிட்டார். சொந்த ஊரில் இவரை ஒருவரும் காது கொடுத்துக் கேட்டிருக்கமாட்டார்கள். அதற்காகவே கப்பல் ஏறியிருப்பார். ஊருக்கு ஒரு குணம் என்றாலும், ஊர் மாறிப் பிறந்தவர்களும் உண்டு போல.

வீட்டுக்காரியிடம் இதை விளக்கினேன். ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா என்றாள்.

16, புதன்

மழை. நேராகவே கேட்டேன், பயமில்லையா, அங்கே பேச ஆளிருக்காதே என்று. சரோஜா மிளகாய்ப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இங்க சும்மா இருந்தா என்ன கோளாறுன்னு கேக்குறாங்கப்பா. அங்க கேக்க மாட்டாங்க போல."

இவள் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை. அங்கேயும் ஏதாவது ஒன்றைக் கோளாறு என்பார்கள், நிறத்தை, சாப்பாட்டை, என்றேன். தெரியும் என்றாள். தெரிந்துதான் இருக்கிறாள்.

17, வியாழன்

தபாலில் போட்டாயிற்று. வருகிறாள் என்று. மத்தியானக் குழம்பில் உப்பில்லை, ஏன் என்று வீட்டுக்காரியைக் கேட்கவில்லை.

சாயங்காலம் கடையில் தபால் கந்தோர்க் கதையைச் சொன்னேன். முத்திரையை நக்கி உதட்டில் ஒட்டிக்கொண்டது, கிளார்க் சிரித்தது. சரோஜா தராசைத் துடைத்துக்கொண்டே, "அப்புறம்?"

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை வருஷமும் பேசியிருக்கிறேன்.

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா," என்றேன். நீ போனபிறகு வெளிநாட்டில் இருக்கப்போவது நான்தான் என்று சொல்லவில்லை.