கூரை உள்ளே, வண்டி வெளியே

புரட்டாசி 20, ஞாயிறு

காலையில் தூறல். இ.வ. (இடுப்பு வலி) உண்டு. பல் தேய்க்கக் குனிந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன்.

டீ கொண்டுபோனால் கர்னல் சார் கராஜில் அண்ணாந்து நிற்கிறார். கையில் அளவு நாடா.

"செல்லையா, இந்த வருஷம் கூரையை நாம தூக்கப் போறதில்ல. சங்கிலி தூக்கும்."

கேட்டதும் இடுப்பு பாதி சரியான மாதிரி இருந்தது.

கூரை என்றால் வீட்டுக் கூரை இல்லை. சாருடைய ரெண்டு சீட்டு வண்டியின் கூரை. வெளிநாட்டுப் பழைய வண்டி, கரும்பச்சை. துணிக்கூரை ஒன்று இருந்தது, எலி தின்றுவிட்டது. மிச்சம் இந்தக் கெட்டிக்கூரை, ஆமை ஓடு மாதிரி. மழைக்கு முன்னால் மாட்டணும், தசராவுக்குக் கழற்றணும். தசரா அன்று சாரும் அவர் வீட்டு அம்மாவும் திறந்த வண்டியில் சினேகிதர் வீடுகளுக்குப் போய் ஆப்டா இலை கொடுப்பார்கள். இந்த மராத்தி ஊரில் அன்றைக்கு அதுதான் தங்கம்.

கூரையைத் தூக்க ரெண்டு ஆள். ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் நான். சாருக்குத் தோளில் ஆபரேஷன் ஆகிவிட்டது. எனக்கு வைகாசிக் கடைசியில் மாட்டும்போதே இடுப்பில் 'களுக்'. டிரைவராக வந்தவன். இப்போது மருந்து வாங்க, பல்பு மாற்ற, கூரை தூக்க.

மத்தியானம் ஏரவாடாவிலிருந்து மகள் சாந்தி போன். ஆஸ்பத்திரி சமையல்கட்டில் பகல் வேலை கிடைத்திருக்கிறதாம். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. மாப்பிள்ளை ஆட்டோவோடு போனால் இருட்டித்தான் வருவார்.

"அப்பா, தசரா முடிஞ்சதும் அவங்களுக்குச் சொல்லணும். நீ வர்றியா இல்லியா, பக்கா சொல்லு. இல்லன்னா வேலை வேண்டாம்னு மனா பண்ணிடறேன்."

"சொல்லுதேன் தாயி."

"இதையேதான் போன வருஷமும் சொன்னே."

ஆமாம். வருஷா வருஷம் போகலாம் என்று நினைக்கும்போது கூரை போடும் மாதம் வரும், இல்லை கழற்றும் மாதம் வரும்.

சாயங்காலம் சாரிடம் கேட்டேன். "சங்கிலி வந்துட்டா ஒரு ஆளு போதுமா சார்?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஏன்? ஓடப் பாக்கறியா?"

சாந்தி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஒத்த ஆள் வேலைன்னு ஆகட்டும். அப்புறம் உன்னைப் பிடிச்சு வெக்க எனக்கென்ன உரிமை இருக்கு?" என்றார்.

ராத்திரிக்கு உப்புமா.


22, செவ்வாய்

வெயில். இ.வ. குறைவு.

சிஞ்ச்வட்டிலிருந்து வெல்டர் ஷிண்டே வந்தான். கராஜின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே ஒரு இரும்பு கர்டர். அதில் செயின் பிளாக், அதாவது சங்கிலிக் கப்பி. அதன் கொக்கியில் ஒரு சட்டம், சட்டத்துக்கு நாலு மூலையிலும் பெல்ட். கூரையின் அடியில் பெல்ட்டைக் கொடுத்துச் சங்கிலியை இழுத்தால் கூரை மேலே. இவ்வளவுதான்.

சுவரில் ஓட்டை போட்ட தூசி ஜன்னல் வழியாகப் போய் அம்மாவின் தயிரில். "மிலிட்டரிக்காரர் வீட்டுத் தயிரு, சிமெண்ட் போட்டுக் கெட்டியாக்கியிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னார்.

எங்கள் பக்கம் மாட்டுக் கொட்டகையை இடம் மாற்றும்போது ஓலைக்கூரையை அப்படியே ஆட்கள் சுற்றி நின்று தூக்கி நடப்பார்கள். ஒருமுறை நடுவில் நின்ற பெரியசாமிக்கு மூக்கில் ஈ உட்கார்ந்தது. மூக்கைச் சொறியக் கையை விட்டான். அவன் பக்கம் சரிந்து, ஓலை கிழிந்து, கூரை அவன் தலைவழியாகக் கீழே இறங்கிவிட்டது. கூரைக்கு மேலே ஒரு தலை மட்டும். வந்த வேலையை விட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து சிரித்தார்கள். இதை ஷிண்டேயிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சங்கிலிக்கு மூக்கு கிடையாது காகா (சித்தப்பா), என்றான். அதுவும் சரிதான்.

அம்மா கேட்டார்: "சாந்தி கிட்ட என்ன சொன்னீங்க செல்லையா?"

"ஒண்ணும் சொல்லல அம்மா. கூரை ஏறட்டும்."


23, புதன்

கூரை ஏறிவிட்டது.

வண்டியை மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்தி, முன்னால் ரெண்டு கொக்கி, பின்னால் ரெண்டு கொக்கி விடுவித்து, பெல்ட் கொடுத்து, சார் ஒருவராகவே இழுத்தார். நல்ல தோள் பக்கத்துக் கையால். கிர்... கிர்... வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி கொஞ்சம் எழுந்தது, கூரை தனியாகப் பிரிந்தது. கொஞ்சம் ஆடியது. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"கைய எடு! நீ இல்லைன்னு வெச்சுக்கோ."

கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல்தான்.

சார் வண்டியை வெளியே எடுத்து மாமரத்தடியில் விட்டார். மேலே கூரை தனியாகத் தொங்குகிறது, நான் இல்லாமலேயே. சந்தோஷப்பட வேண்டியதுதானே. பட்டேன். அசதியாகவும் இருந்தது. ரெண்டும் ஒன்றாக வரும் போல.

நாளைக்கு: பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணி, கேந்திப் பூ (இங்கே ஜெண்டு என்று கேட்கணும்).


25, வெள்ளி. ஆயுத பூஜை

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் அம்மா கராஜைக் கழுவச் சொல்லிக் கோலம் போட்டார். ஸ்பானர், சுத்தியல், ஏணி, சாரின் பழைய டார்ச், எல்லாம் மணைமேல் வரிசையாக. சந்தனம், குங்குமம். வெளியே வண்டிக்கு மாலை. கடைசியில் அம்மா மேலே பார்த்தார்.

"புதுசா வந்தது இதுதான். இதுக்கு முதல்ல வெச்சிருக்கணும்."

சங்கிலிக் கொக்கி எட்டவில்லை. ஏணியோ பூஜையில் உட்கார்ந்துவிட்டது. நான்தான் சங்கிலியை இழுத்துக் கூரையோடு கொக்கியை இறக்கிக் கொடுத்தேன், அம்மா நின்றபடி பொட்டு வைக்கிற அளவுக்கு. கொக்கிக்கு, சட்டத்துக்கு, சங்கிலிக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. கற்பூரம் காட்டி, பொரி சாப்பிட்டு, போய்ப் படுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அம்மா வீட்டிலும் அப்படித்தான். கூரை என் இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. அதன் அடியில் வண்டி நுழையாது. சங்கிலியைத் தொட்டால்தான் அது ஏறும். சங்கிலி பூஜையில்.

முதல் சொட்டு விழுந்ததும் சார் கராஜுக்குள் ஓடினார். அம்மா வாசலில் நின்றார்.

"தொடாதீங்க."

"சீட்டெல்லாம் தோலும்மா! நனைஞ்சா போச்சு!"

"போகட்டும். சரஸ்வதிய எழுப்பிக் கூரை தூக்கச் சொல்வீங்களா?"

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "செல்லையா, நீயாவது சொல்லேன்."

"நானும் தொட மாட்டேன் சார்."

"பார்டர்ல குண்டுக்குப் பயப்படாதவன்டா நான். சந்தனப் பொட்டுக்குப் பயந்து நிக்கறேன்." சொன்னாரே தவிர அவரும் தொடவில்லை.

எதிர் வீட்டு வாட்ச்மேன் காம்ப்ளே குடையோடு வந்து எட்டிப் பார்த்தான். உள்ளே தொங்குவதைப் பார்த்தான், நனைகிற வண்டியைப் பார்த்தான். "அரே காகா! சப்பர் அந்தர், காடி பாஹர்!" கூரை உள்ளே, வண்டி வெளியே. சிரித்துச் சிரித்துக் குடை சாய்ந்துவிட்டது. ஆனாலும் நல்லவன். கணபதிப் பந்தலில் மிஞ்சிய தார்ப்பாயை ஓடிப்போய் எடுத்துவந்தான். கயிறு இல்லை, காற்றோ பிய்க்கிறது. சார் ஒரு மூலை, அம்மா ஒரு மூலை, காம்ப்ளே ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஒத்த ஆள் வேலைக்கு நாலு ஆள்.

மழை விடும்வரை அப்படியே நின்றோம். தார்ப்பாய்க்கடியில் சார் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"நீ போயிட்டா நான் யாரைடா தமிழ்ல திட்டறது?"

"அம்மா இருக்காங்களே சார்."

"அவளை நான் திட்டவா? அவதான் என்னைத் திட்டுவா."

"கேக்குது, கேக்குது" என்றார் அம்மா, தன் மூலையிலிருந்து. பிறகு என்னிடம்: "செல்லையா, இதைக் காரணம் காட்டி இன்னொரு வருஷம் இருந்துடாதீங்க. அந்தப் பொண்ணு வேலைய விட்டுடக் கூடாது."

தண்ணீர் தார்ப்பாயில் குளம் கட்டி என் பக்கம்தான் வழிந்தது.

இ.வ. பலமாக.


26, சனி. விஜயதசமி

மறுபடியும் மழை, விடுவதாக இல்லை. இந்த வருஷம் திறந்த வண்டி வேண்டாம், கூரையை மறுபடி மாட்டிக்கொண்டே போய்விடலாம் என்றார் சார். இலைத் தங்கம் வாங்கி வைத்திருக்கிறது. ஆகையால் இன்றைக்குத்தான் நிஜமான பரீட்சை. கழற்றுவது பெரிதில்லை, மாட்டுவதுதான் பெரிது.

அம்மா மறுபூஜை பண்ணித் தேங்காய் உடைத்தார். "எடுங்க" என்றார்.

சார் சங்கிலியை இழுத்தார். கூரை ஏறியது. வண்டியில் உட்கார்ந்தார். சீட் ஈரம், கீழே பிளாஸ்டிக் பை போட்டுக்கொண்டார். வண்டியை ரிவர்ஸிலேயே கொண்டுவரணும், சரியாகக் கூரையின் அடியில் நிற்கணும். இத்தனை வருஷமும் நான் பின்னால் நின்று 'வா வா வா, நில்லு' என்பேன். கூரை தூக்கத்தான் ரெண்டு ஆள் என்று நினைத்திருந்தோம். 'நில்லு' சொல்லவும் ஒரு ஆள் வேணும் என்பது எங்களுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

சார் என்னைக் கூப்பிடவில்லை. நான் கேட் பக்கம் நின்றேன். கோணலாக வந்தார், முன்னால் போனார். மறுபடி வந்தார், அளவுக்கு மேல் பின்னால் போய்விட்டார். என் தொண்டையில் 'வா வா' நிற்கிறது. அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு உள்ளே போய்ப் பூஜைத் தேங்காயில் பாதி மூடியைக் கயிற்றில் கட்டி எடுத்துவந்து, ஏணிமேல் சாரை ஏற்றி, கர்டரிலிருந்து தொங்கவிடச் சொன்னார். "சைடு கண்ணாடியில இது தட்டுச்சுன்னா நில்லுங்க. செல்லையா சொல்றதா நெனச்சுக்குங்க."

"செல்லையாவுக்கு இதைவிட மூளை ஜாஸ்தி" என்றார் சார். என்னைத்தான் திட்டுகிறாரா, தேங்காயையா, தெரியவில்லை.

கயிற்றைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினார்கள். தேங்காய் தட்டியது. சார் நின்றார். சங்கிலி இறங்கியது. கூரை உட்கார்ந்தது. நாலு கொக்கியும் போட்டுவிட்டு, "செல்லையா! வந்து பாரு!" என்றார். முகமெல்லாம் வேர்வை, சின்னப் பிள்ளை பரீட்சைத் தாள் காட்டுகிற மாதிரி.

போய்க் கூரையை அசைத்துப் பார்த்தேன். வலது பக்கம் பின்கொக்கி விழவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் விழுந்த மாதிரி இருக்கும். உள்ளே பிடிக்கவில்லை. ஹைவேயில் போனால் காற்று அள்ளும்.

கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, சரியாக இருக்கிறது சார், என்று சொல்லிவிடலாம். சாந்தியின் முகம் வந்தது. கை அங்கேயே இருந்தது, அழுத்தவில்லை.

"வலது பின்கொக்கி விழல சார்."

சார் முகம் தொங்கிவிட்டது. வந்து அழுத்தினார். தோள் இடம் கொடுக்கவில்லை. நான் பைக்குள் கையை விட்டுக்கொண்டேன். அம்மாவும் அசையவில்லை. சார் சுத்தியலை எடுத்து, அதன் மரப்பிடியால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. 'டக்.'

"இப்ப?"

அசைத்தேன். "இப்ப விழுந்துட்டு."

"ஒத்த ஆள் வேலைதானே?"

"ஒத்த ஆள் வேலைதான் சார்."

கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏரவாடா என்ன, ஒரு பஸ்ஸு. போன் பண்ணினா வருவே இல்ல?"

"வந்துருவேன் சார். அதனால கூப்பிடாதீய."

சார் வண்டிக் கதவைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். அம்மா இலைப் பையோடு ஏறிக்கொண்டார். வண்டி போனதும் சாந்திக்குப் போன் போட்டேன்.

"வேலைக்குச் சரின்னு சொல்லிரு தாயி. திங்கக்கிழமை வாரேன்."

"பக்காவா?"

"பக்கா தாயி."