ஏரியில் முப்பத்திரண்டு கொக்கு

சூளகிரி,
ஐப்பசி 22, சனிக்கிழமை.

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா முனிலட்சுமி எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் நீ சளி, இருமல் இல்லாமல் சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், இனி உள்ளதைச் சொல்கிறேன். ஃபோன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் மடியிலேயே நான் என்னத்தைப் பேசுவது. ஒரு வாரமாக எனக்கு எதைத் தொட்டாலும் அசதி. நேற்று அடுப்பில் களிக்கு மாவைக் கொட்டிவிட்டுக் கிண்டக் கை வராமல் அப்படியே நின்றேன், அடி பிடித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுவும் எனக்குக் கோபம்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து சொல்கிறேன். அப்பாவும் டயர் கடை முனீர் அகமதுவும் சென்னப்பன் ஏரிக்குப் பறவை எண்ணப் போவது உனக்குத் தெரிந்ததுதான். வனத்துறை கம்பிவேலி போட்டுப் போர்டு வைத்த பிறகு இவர்கள் இரண்டு பேருக்கும் அது சொந்த நிலம் மாதிரி ஆகிவிட்டது. மழை விட்டு வெளிநாட்டு வாத்தெல்லாம் வந்திறங்கும் மாசம், நீயும் ஒருதரம் வந்து பாருமே என்று அப்பா கூப்பிட்டார். வீட்டில் இருந்தால் துணி துவைக்கணும், அதற்கு இதுவே மேல் என்று ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு நானும் அப்பா ஓட்டுகிற கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருந்தோம். ஆள் அரவம் இல்லை, ஹைவேயில் லாரி போகிற சத்தம் மட்டும் தூரத்தில். அத்தனை அமைதியில் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா, கால் நீட்டி உட்கார்ந்ததும் எனக்குத் தூக்கமே வந்தது. அப்பா கண்ணை மூடுகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு, அது ஆள்காட்டி, இது முக்குளிப்பான், புதருக்குப் பின்னாடி தாழைக்கோழி கத்துது என்று சொல்லிக்கொண்டே வந்தார், எல்லாம் சரியாகவே இருந்தது. கத்தாத பறவையாக இருந்தால் முனீரைப் பார்த்து, எப்பிடி உக்காந்திருக்குது, வால் தூக்கியிருக்குதா, மூக்கு என்னா நிறம் என்று கேட்பார். முனீர் சொல்லுவார், அப்பா பேரைச் சொல்லுவார், முனீர் குறித்துக்கொள்வார். வாத்தியார் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அப்பா பைனாகுலரை எடுத்து எதிர்க்கரையைப் பார்த்து, சின்னக் கொக்கு முப்பத்திரண்டு, எழுதிக்கோ முனீர் என்றார். நான் பார்த்தேன். அங்கே கொக்கு ஒன்றுகூட இல்லை. மதகுப் பக்கம் எந்தக் கம்பெனித் தண்ணீரோ கலந்து, நுரை கட்டி கட்டியாக மிதந்துகொண்டிருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து, நல்லா எண்ணினீங்க போங்க, அது நுரைங்க என்றேன். அப்பா சிரிக்கவில்லை. பனியா இருக்குது, அதான் என்றார். பனி எல்லாம் எப்போதோ விலகிவிட்டது, வெயில் என் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. முனீர் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷம் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் லைனில் நின்று, தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பீஸை எடுத்துத் தள்ளி வைத்தவள் நான். வீட்டில் இருக்கிற மனுஷனுக்குக் கண் போய்க்கொண்டிருப்பது தெரியவில்லை.

அப்பா அந்தப் பக்கம் போன நேரம் முனீரைப் பிடித்துக் கேட்டேன். தப்பா நெனக்காதீங்க அண்ணி, ரெண்டு வருசமா நான்தான் எண்ணிக்கினு இருக்கறேன், அண்ணன் சொல்ற கணக்க எழுதற மாதிரி எழுதிக்கினு, ஃபோன்ல பறவைக் கணக்கு ஆப்புல ஏத்தும்போது சரியானத போட்டுடுவேன், பேரு சொல்றதுக்கு அவர வுட்டா ஆளு இல்ல அண்ணி, மனசு நோகக்கூடாதுன்னுதான் என்றார். வண்டி ஓட்டறாரே, அத பத்தி யோசிச்சீங்களா என்றேன். கேட்டேன் அண்ணி, ரோடு எனக்கு மனப்பாடம்டான்னாரு என்றார். ரோடு மனப்பாடம் சரி, குறுக்க வர்றவன் மனப்பாடமா என்று கேட்டேன். திரும்பி வரும்போது நான் முன் சீட்டில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் இவர் பிரேக் போடுகிறார். பஸ் திரும்பிப் போனதும் ஒரு வேகத்தடை தெரியாமல் ஏறிக் குதித்தது, இரண்டு ஆடு கடைசி நிமிஷத்தில் ஓடிப் பிழைத்தது. என் காலில் பிரேக் இருக்கிற மாதிரி தரையை அழுத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இந்த வண்டியில்தான் தினமும் இருட்டோடு பதினாலு பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓசூர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அதில் நம் தெரு மாதேஸ்வரிக்கு ஆறாம் மாசம். விசாரித்தால், கரியப்பண்ணாவுக்கு நாங்கதான் வழி சொல்லிக்கினு போவோம், ஜாலியா இருக்கும்க்கா என்கிறாள்.

திங்கட்கிழமை வாயை விட்டுக் கேட்டேன், வண்டியை நிறுத்துங்க, கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. கத்தித் தீர்த்துவிட்டார். முப்பது வருசத்துல ஒரு கோழிய அடிச்சிருக்கறனா, ஆஸ்பத்திரிக்குப் போனா லைசன்ஸ புடுங்கிக்குவான், அப்புறம் நான் வூட்ல உக்காந்து உன் மூஞ்சியவே பாத்துகினு இருக்கட்டுமா என்றார். மூஞ்சியாவது தெரியுதா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இவர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதும் வேன் ஓனர் விமல்ராஜ் வீட்டுக்கு நானே நடந்து போனேன். உள்ளதைச் சொன்னேன். என் பேரை மட்டும் சொல்லிவிடாதே தம்பி என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அது நல்ல பிள்ளை. கம்பெனியில ஐம்பத்தஞ்சுக்கு மேல டிரைவர் வேணாங்கறாங்கண்ணா என்று சொல்லி, புதன்கிழமை சாவியை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து அப்பா அவனைத் திட்டாத நேரமில்லை. நன்றி கெட்டவன், நான் இல்லாம அந்த வண்டி ஏது என்கிறார். நான் சாதம் போட்டுக்கொண்டே ஆமாம் ஆமாம் என்கிறேன். காலையில் பழக்கத்தில் மூன்றரைக்கே எழுந்து குளித்து, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். போக இடமில்லை. விடிகிற வரைக்கும் அப்படியே இருக்கிறார். நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன், கவி. செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கட்டினவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் முடியாது என்றுதான் உனக்கு எழுதுகிறேன்.

இதுவரை எழுதியிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். இன்னாமே எழுதற, பாப்பாவுக்கா என்று காகிதத்தை வாங்கினார். விமல்ராஜ் வீட்டுக்கு நான் போனது இருக்கிற பக்கம்தான் அது. எனக்கு உயிரே போய்விட்டது. சன்னல் பக்கம் திருப்பி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எழுத்து நல்லா குண்டு குண்டா இருக்குது, நானும் கேட்டதா எழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியவில்லை. உட்காருங்க, படிக்கிறேன் என்று சொல்லி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். நுரை வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். விமல்ராஜ் பேர் வந்ததும் நிறுத்திவிட்டேன். படி என்றார். முழுவதும் படித்தேன். எழுந்து செருப்புகூடப் போடாமல் தெருவில் போய் நின்றார். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. அந்தப் பையன நாலு நாளா திட்டிட்டேனே என்றார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவதாகத் தலையாட்டினார். அப்புறம் கேட்டார், தை மாசம் பாப்பா வந்தா பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு யாரு ஓட்டிக்கினு போறது. இரண்டு பேரும் பஸ்ஸில் போகலாம் என்றேன். போலாம், ஆனா அந்தக் கூட்டத்துல வெளிய வரும்போது பாப்பாவ மொதல்ல பேசச் சொல்லு என்றார்.

சம்பளம் போயிற்றே என்று நீ பணம் அதிகமாக அனுப்ப வேண்டாம், என் தையல் மெஷின் ஓடுகிறது. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. பெருமாள் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்தது எல்லாம் கைகூடி நன்றாக இரு. ஞாபகமாக ஒன்று மட்டும். ஏர்போர்ட்டில் எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்று கையை ஆட்டாதே. அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வா.

இப்படிக்கு,
உன் அம்மா
க. முனிலட்சுமி