சுமதியின் ஹெல்மெட் கண்ணாடி

மார்கழி 3, வியாழன்

கடும் பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. நாய் குரைப்பது கேட்கிறது, நாயைக் காணோம்.

சுமதி விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். சேத்தியாத்தோப்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, காலை டூட்டி ஏழு மணிக்கு. மாற்றல் வந்தது போன மாதக் கடைசியில்தான். ஸ்கூட்டர் வாங்கியதும் அப்போதுதான். நாற்பத்தோரு வயதில் யாரிடமும் சொல்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறாள். புருஷன் நான், எனக்கே வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஹெல்மெட்டை மாட்டினாள். மூச்சு விட்டாள். முன்கண்ணாடி வெளுத்துப் போயிற்று. விரலை உள்ளே விட்டுத் துடைத்தாள். அடுத்த மூச்சில் மறுபடி வெளுத்தது.

"பஸ்ஸுல போயேன்."

"பஸ்ஸுல போனா எட்டு ஆயிடும். நைட்டு டூட்டி பொண்ணு எனக்காக நிக்கிது. அதுக்குக் கைக்குழந்த. போயிட்டு வரேன்."

கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். முகத்தில் நேராகப் பனி.

போய்ச் சேர்ந்ததும் 'வந்துட்டேன்' என்று மெசேஜ் போடுவாள். ஒரே வார்த்தை. அது வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இரண்டாவது டீ. பல் துலக்கினேனா என்று சந்தேகம், இன்னொரு முறை துலக்கினேன். டி.வி.யைப் போட்டு அணைத்தேன். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடை.

இன்று செய்ய வேண்டியவை: கேஸ் பதிவு. ஹாஸ்டலுக்கு, மகளுக்குப் போன். பீங்கான் யூனிட்டில் வேலைக்குப் புது ஸ்பாஞ்ச் கேட்பது (பழையது பிய்கிறது).

மெசேஜ் வந்தது. அதன் பிறகுதான் பசி.

மார்கழி 4, வெள்ளி

பனி குறையவில்லை. கேஸ் பதியவில்லை.

சாயங்காலம் சுமதி வந்தபோது இடது கண்ணுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு. முன்னால் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர், அதில் தொங்கிய காய்ந்த கரும்பு இலை, சோகை, ஒன்று காற்றில் வந்து அடித்திருக்கிறது. கண்ணாடி மேலே தூக்கி இருந்ததால் நேராக முகத்தில். ஒரு விரல் மேலே பட்டிருந்தால் கண்.

கத்தினேன். கத்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கத்தினேன். "அந்த வண்டி ஒடஞ்சு போனாதான் எனக்கு நிம்மதி!"

அவள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வண்டிய ஏன் திட்டுறீங்க? மூடுனா ரோடு தெரியல. தொறந்தா கண்ணுல அடிக்கிது. அதுக்கு எதனா வழி இருந்தா சொல்லுங்க."

வழி சொல்லத் தெரியவில்லை. அதனால் இன்னும் கோபம்.

மார்கழி 5, சனி

காலையில் மேகம், பனி சுமார். சுமதிக்கு இன்றும் நாளையும் டூட்டி இல்லை. ஹெல்மெட் என் கையில்.

ஆளுக்கொரு வைத்தியம்:

ஹெல்மெட் கடைக்காரர்: "ஸ்பிரே ஒண்ணு இருக்குது சார், ஸ்டாக் இல்ல. வர்ற வாரம் வாங்க." வர்ற வாரம் வரைக்கும் மூச்சு விடாமல் ஓட்டச் சொல்கிறாரா?

யூனிட்டில் என் பக்கத்து மேசை பன்னீர்: "உருளக்கெழங்க பாதியா வெட்டித் தேய்ண்ணே."

பன்னீரின் மச்சான், போனில்: பேஸ்ட்.

யூடியூப்: ஷேவிங் நுரை.

எல்லாவற்றையும் சோதித்தேன். சோதனை எப்படி என்றால், பால் காயும் பாத்திரத்துக்கு மேலே ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்வது. உருளைக்கிழங்கு: கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு கோடு கோடாக வழிந்தது. எறும்பு வேறு. பேஸ்ட்: தாங்கவில்லை, புதினா வாசனை மட்டும். நுரை: பரவாயில்லை, ஆனால் மூலையில் வெள்ளையாகப் படிகிறது. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியது.

"இன்னிக்கு யாரு அடுப்பத் தொடைக்கிறது?" என்றாள் சுமதி. இரண்டு நாளில் இன்றுதான் சிரித்தாள். நானே துடைத்தேன்.

மார்கழி 6, ஞாயிறு

கிடைத்துவிட்டது! இதை எப்படி மறந்தேன்? கையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

அச்சு சோப்பு. எங்கள் தொழிலில் பீங்கான் பொம்மைக்கும் கப்புக்கும் பிளாஸ்டரில் அச்சு செய்வோம். பழைய அச்சின் மேல் புது பிளாஸ்டர் ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க, முதலில் காய்ச்சிய சோப்புக் கரைசலைத் தடவி, ஸ்பாஞ்சால் துடைத்து, மறுபடி தடவித் துடைத்து, கை வழுக்கும்வரை மெருகேற்றுவோம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நிற்கும். இத்தனை வருடமாக நான் செய்வது இதைத்தான்.

யூனிட்டுக்குப் போய்க் கொஞ்சம் எடுத்து வந்து கண்ணாடியின் உள்பக்கம் தடவினேன். பையில் என் ஸ்பாஞ்ச் இருந்தது. நன்றாக அலசிப் பிழிந்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. வட்டம் வட்டமாகத் துடைத்தேன். பளிங்கு மாதிரி ஆயிற்று.

சுமதி மாட்டிக்கொண்டு மூடி ஊதினாள். மறுபடி ஊதினாள். ஆவி படியவில்லை. உள்ளே இருந்து அவள் கண் இரண்டும் என்னைத் தெளிவாகப் பார்த்தன.

"பரவால்லியே, பொம்ம செய்யிற ஆளு!"

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். கரைசல் ஒரு நாளைக்குத்தான் தாங்கும் போல. தினமும் சாயங்காலம் தடவ வேண்டும். தடவுவேன், அதற்கென்ன.

மார்கழி 8, செவ்வாய்

நல்ல பனி. நேற்றும் இன்றும் கண்ணாடியை மூடிக்கொண்டே போனாள். மெசேஜ் சீக்கிரம் வந்தது. ஆனாலும் அதுவரைக்கும் நடைதான், அது மட்டும் மாறவில்லை. உட்கார்ந்தால் காலாட்டுகிறேன்.

கடைவீதியில் அவரைக்காய் நன்றாக இருந்தது. கேஸ் பதிந்தாயிற்று.

சுமதி சாப்பிடும்போது: "எதுத்தாப்ல லைட்டு வந்தா கொஞ்சம் கூசுது." பனியில் அப்படித்தான் இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். இன்னும் ஒரு பூச்சு கூடப் போட்டுத் தேய்த்தேன்.

மார்கழி 9, புதன்

மெசேஜ் வரவில்லை.

யூனிட்டுக்கு வந்தும் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிளாஸ்டரைக் கரைத்துவிட்டு ஊற்ற மறந்து நின்றேன், வாளியிலேயே இறுகிவிட்டது. "அண்ணே, நீ போய் உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றான் பன்னீர். எங்கே உட்காருவது? கேட்டுக்கும் சூளைக்கும் நடந்தேன். என்னென்னவோ தோன்றியது. எழுத மாட்டேன்.

கடைசியில் வந்தது. 'வந்துட்டேன்.' அப்படியே களிமண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பன்னீர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், நல்லவன்.

சாயங்காலம் வந்தாள். முட்டியில் கட்டு, சுடிதாரெல்லாம் சேறு. கம்மாபுரம் தாண்டி ஒரு கரும்பு டிரெய்லர் ரோட்டோரம் நின்றிருக்கிறது. பின்னால் விளக்கு இல்லை. எதிரே லாரி.

"ஆவி இல்லங்க. சுத்தமா இருந்துது. லாரி லைட்டு பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ள வெள்ளயா கோடு. ஒண்ணுமே தெரியல. டிரெய்லர் கிட்ட வந்ததுக்கப்புறம்தான் பாத்தேன். சேத்துல எறக்கிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி பல்புக்கு நேரே பிடித்தாள். கீறல். நூல் போல நூற்றுக்கணக்கில். வட்டம் வட்டமாக.

அந்த வட்டம் என் கை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்பாஞ்சுக்கு உள்ளே களிமண்ணோடு பொடி மணல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அலசினாலும் போகாது, தண்ணீர் மட்டும் தெளிவாக வரும். பிளாஸ்டரில் தேய்த்தால் தெரியவே தெரியாது. இது மெல்லிய பிளாஸ்டிக். மூன்று நாளாக என் பெண்டாட்டியின் கண்ணுக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

ஸ்பாஞ்சைக் காட்டினேன். அவள் வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நான் போவக்கூடாதுன்னுதான் செஞ்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். 'வண்டி ஒடஞ்சா நிம்மதி' என்று கத்தியவனும் நான்தானே. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்கழி 10, வியாழன்

பனி. சுமதி பஸ்ஸில் போனாள். முட்டி வலி.

பஸ் ஏற்றிவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தேன். இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன். மூன்றாவதை எடுக்கும்போதுதான் உறைத்தது. அவள் கேட்டது இதைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் அவள் வண்டி எடுக்காத ஒரு காலை எனக்கு இனிக்கிறது. அப்படியானால் அவள் கேட்டதில் என்ன தப்பு? இட்லியை மூடி வைத்துவிட்டேன்.

மத்தியானம் அரை நாள் லீவு. ஜங்ஷன் ரோட்டுக் கடையில் புதுக் கண்ணாடி. "சார், மேல ஒட்டியிருக்கிற தாள உரிச்சுட்டு மாட்டுங்க, அத மறந்துட்டு வந்து சண்ட போடுறாங்க." உரித்தேன். பீரோவில் என் கல்யாண வேட்டி, நன்றாகப் பழசாகி மெத்தென்று இருக்கிறது. அதில் ஒரு முழம் கிழித்தேன். யூனிட் சோப்பைத் தொடவில்லை. வீட்டில் புதிதாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, விரலால் தடவி, வேட்டித் துணியால் துடைத்தேன். ஸ்பாஞ்ச் குப்பையில்.

சுமதி வந்தாள். அந்த நைட்டு டூட்டிப் பெண் இன்று ஒரு மணி நேரம் கூட நின்றதாம், பால் கட்டிக்கொண்டு அழுததாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வேணும்னு செய்யல சுமதி. ஆனா நீ பஸ்ஸுல போனது எனக்கு நல்லா இருந்துது. அதையும் சொல்லிடறேன்."

"தெரியும்" என்றாள். "பஸ் கெளம்பும்போது உங்க மொகத்த பாத்தேனே."

கண்ணாடியை வாங்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஆஸ்பத்திரி முகக்கவசமும் டேப்பும் எடுத்து, கவசத்தை மாட்டி அதன் மேல் விளிம்பை மூக்கோடு ஒட்டிக் காட்டினாள்.

"ஆவி எங்கேருந்து வருது? மூக்குலேருந்து. அத வுட்டுட்டு கண்ணாடியையே தேய்க்கிறீங்க. இப்படி ஒட்டுனா மூச்சு கீழ போயிடும். ஆப்ரேஷன் தியேட்டர்ல மூக்குக்கண்ணாடி போடுற டாக்டருங்க எல்லாம் இப்படித்தான்."

"மொதல்லியே சொல்றதுதானே?"

"எங்க சொல்ல வுட்டீங்க. வூடு பூரா சோப்பு."

சிரித்துவிட்டோம். நாளைக்கு நானும் பின்னாலேயே வரட்டுமா என்றேன். சிரிப்பு நின்றது.

"எனக்குக் காவலு வேணாம்."

மார்கழி 11, வெள்ளி

இந்த மாதத்திலேயே பெரிய பனி. யூனிட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை இன்னும் சில்லென்று இருக்கிறது.

டேப் ஒட்டி, கண்ணாடியை மூடி, ஊதிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். போயிட்டு வரேன் என்றாள். சரி என்றேன். தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அப்புறம் என்னால் முடியவில்லை. என் வண்டியை எடுத்துவிட்டேன்.

ஹெல்மெட்டும் போட்டேன். நான் போடுவதே இல்லை, யூனிட் பக்கத்தில்தானே என்று பரணில் கிடந்தது. அவள் சிவப்பு விளக்கு தெரியும் தூரத்தில், நெருங்காமல், ஒரு திருடன் மாதிரி. ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், ரோடே பாலில் கரைந்த மாதிரி. அவள் நிதானமாகப் போனாள். டிராக்டர் வந்தால் விலகினாள், நின்ற வண்டிக்குத் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தாள். இவ்வளவு நன்றாக ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததே இல்லையே.

கம்மாபுரம் வருவதற்குள் எனக்கு எல்லாம் வெளுத்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி, அதற்கு மேல் ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி. ஒரு வாரமாகச் சோப்பைக் காய்ச்சியவன், என் கண்ணாடிக்கு ஒரு சொட்டு தடவவில்லை. சிவப்பு விளக்கு மங்கி, பெரிதாகி, காணாமல் போயிற்று. ஊருக்கு அப்பால் ஒரு டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்திவிட்டேன். அவள் போய்விட்டாள்.

பயமாக இருந்தது. ஆனால் வேறு மாதிரி. அவளுக்காக இல்லை, எனக்காக. திரும்பி எப்படிப் போவது?

கடைக்காரர்: "கழட்டி வெச்சுட்டு டீ குடிங்க சார். வெயிலு வரட்டும்." குடித்தேன். வெயில் ஏறிய பிறகு மெல்ல உருட்டிக்கொண்டு வந்தேன். வழியில் போன் அடித்தது, எடுக்கத் தைரியமில்லை. யூனிட் வாசலில்தான் எடுத்துப் பார்த்தேன். சுமதி. இன்று ஒரே வார்த்தையோடு நிற்கவில்லை.

'வந்துட்டேன். ஊரு எல்லையிலேருந்து உங்க லைட்டு சைடு மிரர்ல தெரிஞ்சுகிட்டே இருந்துது. கம்மாபுரம் தாண்டி காணோம். நின்னு பாத்தேன், நேரம் ஆயிடுச்சு. எங்க இருக்கீங்க?'

அதற்குக் கீழே இன்னொன்று: 'வூட்டுக்குப் போயிட்டீங்களா?'

அதற்கும் கீழே: 'இங்க ஊசி போட கை வரல. சொல்லுங்க.'

கையெல்லாம் பனி ஈரம். சட்டையில் துடைத்துக்கொண்டு அனுப்பினேன்.

'வந்துட்டேன்.'